மஞ்சள் கிரேன் வைத்த கப்பல்

மார்ச் 3

அன்புள்ள மகனுக்கு,

உன் கோபத்தைக் கொஞ்சம் கரையில் இறக்கி வைத்துவிட்டு இதைப் படி. குழந்தைகளை இந்த ஊருக்கு அழைத்து வந்தது என் முடிவுதான். இந்த வாரமே உன்னைக் கப்பலிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று உங்கள் கம்பெனி ஏஜெண்ட் சொன்னார். மருமகளுக்கு மருத்துவமனையில் விடுப்பு கிடைக்கவில்லை. நீ இறங்கும்போது துறைமுக வாசலில் உன் பிள்ளைகள் நிற்க வேண்டும் என்று நினைத்து, இரண்டையும் தூக்கிக்கொண்டு ரயில் ஏறிவிட்டேன். வந்து சேர்ந்த பிறகு அதே ஏஜெண்ட், வழக்கு தள்ளிப்போய்விட்டது, யாரும் இறங்க முடியாது என்று வேறு எதையோ பார்த்துக்கொண்டு சொல்கிறார். உங்கள் ஜெனரேட்டருக்கு எண்ணெய் இல்லை, அதனால் உன் கைப்பேசி செத்துக் கிடக்கிறது என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். உங்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுவரும் படகுக்காரர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

விடுதி அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். வாண்டு கையை நீட்டி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தாத்தா, ஊர் மூடியிருக்கு" என்றான். மூன்றரை வயதுப் பிள்ளையின் கண்டுபிடிப்பு. இரண்டும் கட்டிலிலிருந்து குதித்தால் கீழ் அறையிலிருந்து விடுதிக்காரம்மா துடைப்பக் கட்டையால் கூரையை இடிக்கிறார். நேற்று மேலே வந்து, "என்ன சார், பள்ளிக்கூடமா நடத்துறீங்க?" என்று கேட்டார். ரிட்டயர் ஆகும் வரை அதைத்தான் நடத்தினேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஆகவே காலையில் கிளம்பினால் மாலைதான் திரும்புகிறோம். இத்தனை பெரிய ஊரைச் சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது? புதுப் பாடப்புத்தகத்தைக் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் முன்னுரையைப் படிக்காது, படம் உள்ள பக்கத்தைத்தான் பிரிக்கும். அதேபோல் கண்ணில் பட்ட பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போகிறோம். என் பழைய இடுப்பு வாரின் ஒரு முனை வாண்டின் கையில், மறுமுனை என் கையில். பெரியவள் அதன் நடுவில் பிடித்துக்கொள்கிறாள். ஆறு வயது முடிந்துவிட்டதால் முனையைப் பிடிப்பது அவளுக்குக் கௌரவக் குறைச்சல்.

முக்கியமான செய்திக்கு வருகிறேன். நேற்று மாலை கடற்கரைச் சுவரோரம் நின்றோம். தூரத்தில் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கின்றன. நீ வேலையில் சேர்ந்தபோது கப்பலுக்கு முன்னால் நின்று எடுத்த படத்தைப் பெரியவள் பையிலேயே வைத்திருக்கிறாள். சிவப்பு அடிப்பாகம், வெள்ளை மாடி, மஞ்சள் கிரேன். மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளம் எழுதுவதுபோல் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். எல்லாம் பொருந்துகிற கப்பல் ஒன்றே ஒன்றுதான். இரண்டும் என் துண்டைப் பிடுங்கி ஆட்டின. மேல்தளத்திலிருந்து யாரோ ஆரஞ்சு நிறத் துணி ஒன்றைப் பதிலுக்கு ஆட்டினார். பெரியவள் சந்தோஷத்தில் சாப்பிடாமலே தூங்கிப்போனாள். ஆட்டியது நீதானே?

உன் அப்பா

---

மார்ச் 7

அப்பாவுக்கு,

கோபத்தைக் கரையில் இறக்கச் சொல்கிறீர்கள். என்னையே இறக்க விடவில்லை, கோபத்தை யார் இறக்க விடுவார்கள்? யாரைக் கேட்டுப் பிள்ளைகளை அழைத்து வந்தீர்கள்? மூட்டுவலியோடு இரண்டு வாலில்லாக் குரங்குகளைக் கட்டி மேய்க்க உங்களால் ஆகுமா?

படகிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் ஏறுகிற நேரத்துக்குள் இதை எழுதிக் கொடுக்க வேண்டும். அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலாளி எங்களைக் கைகழுவிவிட்டார். கப்பல் நீதிமன்றத்தின் பிடியில் இருக்கிறது. மற்றவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். காவலுக்கு ஆள் இல்லாமல் கப்பலை விடக் கூடாது என்பது சட்டமாம். இருப்பது நானும் சமையல்காரரும்தான். மீன் பிடிக்கிறோம், சீட்டாடுகிறோம். அவர் கள்ள ஆட்டம் ஆடுவார், நான் கண்டுகொள்வதில்லை. இருக்கிற ஒரே ஆளையும் பகைத்துக்கொண்டு என்ன செய்வது?

இனி எழுதுவது உங்களுக்கு மட்டும். பிள்ளைகளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

நீங்கள் பார்த்தது என் கப்பல் இல்லை. எங்கள் கிரேனுக்கு மூன்று வருஷத்துக்கு முன்பே சாம்பல் வண்ணம் அடித்துவிட்டார்கள். நாங்கள் நிற்பது கலங்கரை விளக்கக் குன்றுக்குப் பின்னால். உங்கள் சுவரிலிருந்து பார்த்தால் குன்றுதான் தெரியும். துணி ஆட்டியது யாரென்று எனக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தைச் சமையல்காரருக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு பேரும் வயிறு குலுங்கச் சிரித்தோம். பிறகு அவர் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

பெரியவளிடம் சொல்ல வேண்டாம். அவள் பார்க்கிற கப்பல் பளிச்சென்று இருக்கிறது. என்னுடையது ஒருபக்கம் சாய்ந்து, துரு வழிந்து நிற்கிறது. அப்பா அந்த நல்ல கப்பலில் இருப்பதாகவே இருக்கட்டும்.

உங்கள் மகன்

---

மார்ச் 10

அன்புள்ள மகனுக்கு,

நீ சொன்னபடி வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் எனக்கு இது பிடிக்கவில்லை. தப்பான விடைக்கு ஒரு பிள்ளை நட்சத்திரம் போட்டுக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்கு ஓடுகிறது, நான் சிவப்புப் பேனாவைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு பார்த்து நிற்கிறேன். தினமும் மாலையில் இதுதான் நடக்கிறது.

பகலில் என்னவோ கெட்டிக்காரத்தனமாகத்தான் ஊர் சுற்றுகிறோம். மீன் ஏலக்கூடத்தில் வாண்டு உற்சாகமாகக் கையைத் தூக்க, ஏலக்காரர் ஒரு கூடை இறாலை அவன் பேரில் முடிக்கப் பார்த்தார். ஏழு மாடிக் கடையின் நகரும் படிக்கட்டில் ஏறி இறங்கி, காவலாளிக்கு எங்கள் முகம் பழகிவிட்டது. டிராமில் ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்தால் பெரியவள் தெருக்களின் பெயர்ப்பலகைகளை எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். எங்கே போனாலும் மாலை ஆனதும், "தாத்தா, அப்பாக்கு நேரமாச்சு" என்று வாரைப் பிடித்து இழுக்கிறாள். சுவரோரம் நின்று அன்றைய கதை முழுவதையும் அந்தக் கப்பலைப் பார்த்துக் கத்திச் சொல்கிறாள். இறால் கதையை இரண்டு தடவை சொன்னாள், முதல் தடவை காற்று எதிராக அடித்ததாம். ஆரஞ்சுத் துணிக்காரர் தவறாமல் ஆட்டுகிறார். அந்த மனிதரை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நேற்று, அப்பா ஏன் நீந்தி வரவில்லை என்று கேட்டாள். வகுப்பில் யாரோ தப்பு செய்தால், யார் என்று தெரியும் வரை மொத்த வகுப்பையும் நிற்க வைப்பார்கள் இல்லையா, அப்பாவும் அப்படித்தான் நிற்கிறார் என்று உதாரணம் சொன்னேன். நல்ல உதாரணம் என்று மனதுக்குள் கொஞ்சம் மெச்சியும் கொண்டேன். அவள் யோசித்தாள். "சரி தாத்தா, டீச்சர் எங்க?" என்றாள். டீச்சரைக் காணவில்லை என்றேன். "அப்ப உக்காந்துக்கலாமே" என்றாள்.

அடுத்த வாரக் கடைசியில் ஊருக்குத் திரும்ப வேண்டும். அவளுக்குப் பள்ளி திறக்கிறது. அறைக்குள் நுழைந்தாலே எனக்கு மூச்சு முட்டுகிறது. கட்டிலில் அவர்கள் இருவரும் குறுக்காகப் படுத்த பிறகு நாற்காலிதான் என் படுக்கை. குறை சொல்லவில்லை, செய்தி சொல்கிறேன்.

உன் அப்பா

---

மார்ச் 14

அப்பாவுக்கு,

நல்ல செய்தி. முதலில் உட்காருங்கள்.

காவலுக்கு இனி ஒருவர் போதும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. வருகிற திங்கட்கிழமை தண்ணீர்ப் படகு வரும்போது எங்களில் ஒருவர் இறங்கலாம். யார் என்பதை நாங்களே முடிவு செய்துகொள்ள வேண்டும். நான் பேச்சை எடுப்பதற்குள் சமையல்காரர், "நீங்க போங்க சார். எனக்குக் கல்யாணமா காட்சியா, யாரு காத்துக்கிட்டிருக்கா" என்று சொல்லிவிட்டார். போன வாரம் கொதிநீர் கொட்டிக் காலில் கொப்புளம் போட்டிருக்கிறது, அதைக்கூட ஒரு பொருட்டாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். திங்கட்கிழமை காலை, துறைமுகத்தின் மூன்றாவது வாசல். நான் தாடியோடு இருப்பேன். வாண்டு பயப்படுவான், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நான் புறப்பட்டபோது அவன் தவழ்ந்துகொண்டிருந்தான். என் முகம் அவனுக்குத் தெரியுமா, அப்பா?

கப்பல் விஷயத்தை நேரில் வந்து நானே சொல்லிக்கொள்கிறேன். அதுவரை அப்படியே இருக்கட்டும்.

உங்கள் மகன்

---

மார்ச் 18

மகனுக்கு,

நேற்றும் இன்றும் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. நாளைக்கு அப்பா வருகிறார், இன்றைக்குக் கடைசியாக ஒரு தடவை கையாட்டிவிடலாம் என்று பெரியவள் மத்தியானமே என்னை இழுத்துக்கொண்டு போனாள். நாங்கள் போய் நிற்கும்போது அந்தக் கப்பல் நங்கூரத்தைத் தூக்கிவிட்டது. மெதுவாகத் திரும்பியது. எங்களுக்குப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு கிளம்பியது.

அவள் சுவரோரமாக ஓட ஆரம்பித்தாள். வாண்டைத் தோளில் தூக்கிக்கொண்டு நானும் ஓடினேன், ஓடியதாக நினைத்துக்கொண்டேன். சுவர் முடிகிற இடத்தில் நின்றிருந்தாள். அழவில்லை. "நாளைக்கு வரேன்னு சொல்லிட்டு இன்னிக்கே போறாரு" என்றாள். அங்கேயே ஒரு பெஞ்சில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அது அப்பாவின் கப்பல் இல்லை, தாத்தா தப்பாக அடையாளம் பார்த்துவிட்டேன், அப்பாவுக்கும் எனக்கும் அது முன்பே தெரியும் என்று சொன்னேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். வேறு வழி இருந்தால் நீ எழுது.

பிறகு கேட்டாள்: "அப்ப இத்தனை நாளா நாம யாருக்கு தாத்தா கதை சொன்னோம்?"



இன்று காலை மூன்றாவது வாசல். அவளுக்கு என்மேல் நம்பிக்கை போய்விட்டது. வாசல் எண்ணைக் காவலாளியிடம் தானே கேட்டுச் சரிபார்த்துக்கொண்டாள். வாண்டுக்கு மட்டும் குறையில்லை. தாடி வைத்திருப்பவர்தான் அப்பா என்று நீ சொன்னபடி சொல்லி வைத்திருந்தேன். கதவு திறந்தது. படகுக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலில் துணி சுற்றியபடி, தாடி வைத்த ஒருவர் நொண்டி நொண்டி வந்தார். வாண்டு வாரை உதறிவிட்டு ஓடினான். அவருடைய நல்ல காலைக் கட்டிக்கொண்டு "அப்பா" என்றான்.

அந்த மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் இல்லடா தங்கம், நான் இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவன் விடவில்லை. நான்தான் விரல்களைப் பிரித்து எடுத்தேன். உன் சமையல்காரராம், உன் இடத்தில் அவரை ஏற்றிவிட்டு நீ அங்கேயே நின்றுவிட்டாயாம், படகுக்காரர் சொன்னார். அவரை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு அறைக்கு வந்தோம். பெரியவள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். இன்றைக்கு எங்கேயும் போக வேண்டாம் என்கிறாள். விடுதிக்காரம்மா தானே மேலே வந்து, என்ன சத்தமே இல்லையே என்று கேட்டுவிட்டுப் போனார்.

நான் உன்மேல் கோபமாக இருக்கிறேன். இறங்காதது சரியா தப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரியாததால்தான் இவ்வளவு கோபம் வருகிறதோ என்னவோ.

அப்பா

---

மார்ச் 21

அப்பாவுக்கு,

ஏணியில் கால் வைத்துவிட்டேன். பையைப் படகில் போட்டாயிற்று. கடைசியாக ஒரு தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பிப் பார்த்தேன். வழியனுப்ப வந்த சமையல்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கம்பியை விட்டதும் விழுந்துவிட்டார். துணியைப் பிரித்துப் பார்த்தால் கால் முழங்கால் வரை வீங்கிக் கறுத்திருக்கிறது. உடம்பு கொதிக்கிறது. சனிக்கிழமையிலிருந்தே அப்படித்தானாம். நான் பார்த்துவிட்டால் போகமாட்டேன் என்று மூடி மூடி வைத்திருக்கிறார். "போங்க சார், ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று விழுந்த இடத்திலிருந்தே சொல்கிறார்.

படகுக்காரரிடம் இரண்டு பேரையும் ஏற்றிக்கொள்ளக் கெஞ்சினேன். கப்பலைக் காலியாக விட்டால் என்னைக் கைது செய்வார்கள், அவருடைய உரிமமும் போய்விடும். ஒரு ஆள்தான் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சமையல்காரரை இங்கே தனியாக விட்டுவிட்டு வந்து, பிள்ளைகளை எந்தக் கையால் தூக்குவது?

இதைச் சரி என்று நீங்கள் எழுத வேண்டாம். வாண்டு அவர் காலைக் கட்டிக்கொண்டான் என்று படித்ததிலிருந்து நானே அதைச் சரி என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. இப்போது நான் மட்டும்தான். மாற்று ஆள் எப்போது என்று கேட்டால் ஏஜெண்ட் வழக்கு முடியட்டும் என்கிறாராம். சீட்டுக்கட்டு இருக்கிறது. ஆட ஆள் இல்லை.

ஒன்று மட்டும் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால், மீன் ஏலக்கூடத்துக்குப் பின்னாலிருந்து அக்கரைக்குப் போகும் பயணிகள் படகில் அவர்களை ஏற்றுங்கள். மேல்தளத்தில் இடப்பக்கம் நில்லுங்கள். குன்றைத் தாண்டியதும் என் கப்பல் கொஞ்ச நேரம் தெரியும். பெரியவளுக்குக் காட்டுங்கள். சாய்ந்திருக்கிறது, துருப்பிடித்திருக்கிறது, அது என்னுடையதுதான் என்று சொல்லுங்கள். பத்து மணிப் படகு.

உங்கள் மகன்

---

மார்ச் 24

அன்புள்ள மகனுக்கு,

மாலை ரயிலுக்கு மூட்டை கட்டிவிட்டு இதை எழுதுகிறேன். காலையில் நடந்தது உனக்கு அங்கிருந்து எவ்வளவு தெரிந்ததோ, இங்கிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன்.

கிளம்ப வைப்பதே பெரும்பாடாகிவிட்டது. "இது நிஜமா அப்பா கப்பல்தானா? யாரு சொன்னா?" என்று பெரியவள் பலமுறை கேட்டாள். கடைசியில் உன் கடிதத்திலிருந்த அந்த இடத்தை அவள் கையிலேயே கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தாள். சாய்ந்திருக்கிறது என்ற சொல்லை இரண்டு முறை படித்தாள்.

படகில் நல்ல கூட்டம். ஞாயிற்றுக்கிழமை இல்லையா, குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். குன்றைத் தாண்டியதும் கண்ணில் பட்டது. மகனே, நீ எழுதியதைவிட மோசமாக இருக்கிறது. ஆறு மாதமாக நீ அதற்குள் அடைபட்டிருக்கிறாய் என்று எனக்கு இன்றுதான் புரிந்தது. ஏஜெண்ட் சொன்னார், நீ எழுதினாய், நானும் தலையாட்டினேன், ஆனால் புரிந்தது இன்றுதான்.

"இதுவா?" என்றாள். ஆமாம் என்றேன். "யாரோ நிக்கிறாங்க. அப்பாவான்னு நல்லா பாத்து சொல்லுங்க தாத்தா" என்றாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். ஒரு உருவம் தெரிந்தது, முகம் தெரியவில்லை. ஆமாம் அப்பாதான் என்று சொல்ல நாக்கு துடித்தது. "எனக்குத் தெரியலம்மா. அப்பா மட்டும்தான் அந்தக் கப்பல்ல இருக்கார். அதனால அப்பாவாத்தான் இருக்கணும்" என்றேன்.

கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மாவின் கையைத் தொட்டு, "ஆன்ட்டி, அது எங்கப்பா. இறங்கி வர முடியல. நீங்களும் கையாட்டுறீங்களா?" என்று கேட்டாள். அப்புறம் அடுத்த ஆளிடம் போனாள். அதற்கடுத்த ஆளிடமும். வெட்கம் பிடித்த பிள்ளை, வகுப்பில் எழுந்து பெயர் சொல்லவே கூச்சப்படுவாள். நிமிஷத்தில் மேல்தளம் முழுவதும் இடப்பக்கம் வந்துவிட்டது. படகு சாய்கிறது, எல்லாரும் நடுவுக்குப் போங்கள் என்று ஊழியர் சத்தம் போட்டார். யாரும் கேட்கவில்லை. வாண்டு என் தோளில் உட்கார்ந்துகொண்டு இரண்டு கையையும் ஆட்டினான். "அந்த அப்பாக்குக் கால் சரியாயிடுச்சா?" என்று கேட்டான். அவனுக்கு இன்னும் குழப்பம்தான். அதை நீ வந்துதான் தீர்க்க வேண்டும், நான் தீர்ப்பதாக இல்லை.

மருத்துவமனையில் சமையல்காரரைப் பார்த்துவிட்டுத்தான் வந்தோம். காலைக் காப்பாற்றிவிட்டார்கள். உன்னிடம் என்ன சொல்ல என்று கேட்டேன். சீட்டில் அவர் கள்ள ஆட்டம் ஆடியது உனக்குத் தெரியுமா என்று கேட்கச் சொன்னார்.

மருமகள் இனி நேராக அமைச்சகத்துக்கு எழுதப்போகிறாள். நானும் எழுதுவேன். தினமும் எழுதுவேன். வேறென்ன வேலை எனக்கு?

கோபம் முழுவதும் போகவில்லை. பாதி இருக்கிறது. அதை நீ வந்து வாங்கிக்கொள்.

உன் அப்பா

---

மார்ச் 28

அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலை வெளுத்ததிலிருந்தே மேல்தளத்தில் நின்றேன். சட்டை ஒன்றைக் கையில் வைத்திருந்தேன். குன்றைத் தாண்டிப் படகு வந்தது. ஒரு துண்டு ஆடும், இரண்டு சின்னக் கைகள் தெரியும், அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன். பார்த்தால் மேல்தளம் முழுக்கக் கைகள். எந்தக் கை நம் வீட்டுக் கை என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணை இடுக்கிப் பார்த்தேன், கம்பியில் ஏறி நின்று பார்த்தேன். படகு போய்விட்டது. என் பிள்ளைகளை நான் பார்த்தேனா என்று கேட்டால், பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தக் கூட்டத்தில்தானே இருந்தார்கள்.

உங்கள் கடிதம் வந்த பிறகுதான் காரணம் தெரிந்தது. அந்த இடத்தைப் பலமுறை படித்தேன். பெரியவளிடம் சொல்லுங்கள், கப்பல் அவ்வளவாகச் சாய்ந்துவிடாது, நான் தினமும் அளந்து பார்க்கிறேன் என்று. வாண்டிடம் எதுவும் சொல்ல வேண்டாம். அமைச்சகத்துக்கு எழுதுங்கள். சமையல்காரரிடம், தெரியும் என்று சொல்லுங்கள்.

பயணிகள் படகு ஒரு நாளைக்கு நாலு தடவை இந்தப் பக்கம் போகிறது. இத்தனை மாதமாக அதை நான் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. நேற்று மத்தியானப் படகில் மேல்தளத்தில் ஒரு குழந்தை தனியாக நின்று, கப்பலைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே இருந்தது. யார் பிள்ளையோ. என்னை யார் என்று நினைத்துக்கொண்டதோ. சட்டையைக் கழற்றி, படகு மறைகிற வரைக்கும் ஆட்டினேன்.

உங்கள் மகன்